மணல்தொட்டியில் இல்லாதவர்கள்

நிறைமதி வெள்ள முன்னறிவிப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஓர் ஆற்றின் வெள்ளத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் முதல் சில வாரங்கள் கணினியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். இந்த மென்பொருளுக்கு அந்தத் தொகுப்பு வேண்டும், அந்தத் தொகுப்புக்கு இன்னொன்றின் பழைய பதிப்பு வேண்டும், பழைய பதிப்பைப் போட்டால் முதலாவது படுத்துக்கொள்ளும். ஒருவர் கணினியில் ஓடியது பக்கத்து மேசையில் ஓடாது. அந்த அவதியெல்லாம் இப்போது போய்விட்டது. காலையில் வந்து இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். எங்கோ இருக்கும் கிளவுட் கணினிகளில் அவளுக்கென்று எல்லாம் தயாராகக் காத்திருக்கும். இடப்பக்கம் நோட்புக், அதில் கட்டம் கட்டமாக நிரல் வரிகள். வலப்பக்கம் வரைபடம். அதில் ஆறு இருக்கும், அணை இருக்கும், தெருக்கள் மேடுபள்ளத்தோடு இருக்கும். மக்களும் இருப்பார்கள்.

மையத்தில் அதற்கு மணல்தொட்டி என்று பெயர். ஆவணங்களில் சாண்ட்பாக்ஸ் என்று இருந்ததை யாரோ விளையாட்டாகத் தமிழாக்கப் போய், அதுவே நிலைத்துவிட்டது. உள்ளே அணையை உடைக்கலாம், ஊரை மூழ்கடிக்கலாம். வெளியே ஒரு துளி சிந்தாது. மூடிவிட்டால் செய்ததெல்லாம் அழிந்து, மறுநாள் புதிதாகத் திறக்கும்.

மக்கள் என்பது நீலப் புள்ளிகள். முந்தைய வெள்ளங்களின்போது ஒவ்வொருவர் கைப்பேசியும் எந்த வழியே எவ்வளவு வேகத்தில் போனது என்பதைக் கொண்டு செய்யப்பட்டவை. பக்கத்து வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தவரின் புள்ளி மணல்தொட்டியிலும் காத்திருக்கும். மாட்டை ஓட்டிக்கொண்டு மெதுவாக நடந்தவரின் புள்ளி மெதுவாகவே நடக்கும். பெயர் மட்டும் இருக்காது. பெயரைச் சேர்ப்பது ஆட்சியர் அலுவலகத்தின் பொறுப்பு. இந்தப் புள்ளிகளை வைத்து மையம் போடும் மீட்புத் திட்டப்படிதான் படகுகள் போகும்.

அன்று அவள் திறந்திருந்தது கீழ்க்கரைப்பாளையம். ஆற்றின் வளைவில், ஒரு நூற்பாலையை ஒட்டி வளர்ந்த ஊர். முதல் கட்டத்தை ஓட்டும்போது இணையம் அறுந்து மறுபடி வந்தது. அவள் கவனிக்காமல் அடுத்தடுத்த கட்டங்களை ஓட்டிவிட்டாள். தண்ணீர் ஏறியது. புள்ளிகள் தெருக்களிலிருந்து கிளம்பி, மேட்டு ரோட்டை நோக்கி எறும்புச் சாரையாக நகர்ந்தன. மேட்டு ரோட்டைத் தொட்ட ஒரு புள்ளி நின்றது. பிறகு திரும்பி, வந்த வழியே, தண்ணீரை நோக்கி நடந்தது. ஆலைக்குப் பின்னால் ஓரிடத்தில் போய் நின்றது. அங்கேயே இருந்து, நிறம் மாறிச் சாம்பலானது. சாம்பல் என்றால் உயிர் போய்விட்டது என்று பொருள்.

அவள் மழையைக் குறைத்து ஓட்டினாள். அணையைத் தாமதமாகத் திறந்து பார்த்தாள். எல்லோரும் தப்பிக்கும் அளவுக்கு அவகாசம் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி மேட்டு ரோடு வரை வந்தது, திரும்பிப் போனது, சாம்பலானது.

இயக்குநர் எபனேசரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்த மாதிரி மணல்தொட்டிகளை நாட்டுக்கே முதலில் கட்டிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது.

"முதல் கட்டம் ஓடலை, அதான்," என்றார். "விலகல் நீக்கம்னு அதுல ஒரு வரி இருக்கும்மா. கூட்டத்தோட போகாம தாறுமாறா நடக்கிற புள்ளிய எல்லாம் எடுத்துரும். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு இப்படி இருக்கத்தான் செய்யும். போன் கெட்டுப் போயிருக்கும். இல்ல எவனாவது திருடிட்டுப் போயிருப்பான்."

"எடுக்காம விட்டா என்ன சார்?"

"விட்டா நம்ம முடிவு மட்டும் தனியா நிக்கும். எல்லா மையமும் அந்த வரியோடதான் ஓட்டுது. எல்லாருக்கும் ஒரே விடை வருது. அதுதானே நம்பிக்கை."

"எல்லாரும் ஒரே மணல்தொட்டியிலதானே சார் ஓட்டுறாங்க. ஒரே விடை வராம என்ன வரும்?"

எபனேசர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "முதல் கட்டத்தை ஓட்டும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டினாள். அந்தப் புள்ளி மறைந்தது. ஊர் முழுவதும் ஒழுங்காக மேட்டு ரோட்டில் ஏறியது. விடை அழகாக இருந்தது.

உள்ளே பார்த்ததை வெளியே தேடிப் போகக் கூடாது என்பது மையத்தின் விதி. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும், மேட்டு ரோட்டில் வந்து நிற்கும் அந்தப் புள்ளி கண்ணை விட்டுப் போகவில்லை. சாலையைத் தொட்டுவிட்ட ஒருவர் எதற்காகத் திரும்புவார்? சனிக்கிழமை காலை கீழ்க்கரைப்பாளையத்துக்கு பஸ் ஏறினாள்.

அந்தப் புள்ளி கிளம்பும் இடம் ஆலைக்கு அருகே லைன் வீடுகளில் கடைசி வீடு. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் முன்னால் சின்ன வெங்காயத்தைக் குவித்துவைத்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மிணி, ஆரைப் பாக்கோணும்?"

நிறைமதி தன் பெயரைச் சொன்னாள். வெள்ள ஆபீசிலிருந்து வருவதாகச் சொன்னாள். பெண் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். பெயர் மயிலாத்தாள். புருஷன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்த இடம் தாராபுரம் பக்கம்.

"வீட்டுல ஒருத்தருக்கு இவ்வளவு வெங்காயமாங்க்கா?"

"ஆலை மெஸ்ஸுக்குங். முப்பத்தாறு புள்ளைங்களுக்குச் சாம்பாரு."

அப்படித்தான் அது வெளியே வந்தது. ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள். இரவு ஷிப்ட். பகலில் ஆலைக்குப் பின்னால் பழைய பஞ்சுக் குடோனில் தூங்குவார்கள். போனையெல்லாம் சூப்பர்வைசர் வாங்கி லாக்கரில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுப்பார்.

"தூங்குறப்ப வெளியில பூட்டிருவாங்க. ஓடிப்போயிருவாங்கன்னு பயம். சாவி எப்பவும் என்ற இடுப்புலதானுங் இருக்கும். போன தடவை தண்ணி வந்தப்ப, எல்லாத்தோடயும் நானும் மேட்டு ரோட்டுக்கு ஏறிட்டனுங். பஸ் வந்து நின்னுருச்சு. ஏறலாம்னு சேலையத் தூக்கிச் சொருகறேன், கையில சாவி தட்டுச்சு." மயிலாத்தாள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். "திரும்பிட்டேன். வேற என்னங் பண்றது?"

நிறைமதி மணல்தொட்டியைப் பற்றிச் சொன்னாள். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். கணினிக்குள் ஒரு கீழ்க்கரைப்பாளையம் இருப்பதையும், அதில் வெள்ளம் விட்டுப் பார்ப்பதையும், மயிலாத்தாளைப் போலவே நடக்கிற ஒரு புள்ளி தண்ணீருக்குள் திரும்பிப் போவதையும். மயிலாத்தாள் வெங்காயத்தை உரித்தபடியே கேட்டாள்.

"அதுல நான் செத்துப் போறேனுங்களா?"

"ஆமாங்க்கா."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"நான் விட்ட வெள்ளம் எல்லாமே போன தடவையை விடப் பெருசு. உங்களால தாண்ட முடியல."

"செரி. புள்ளைங்க தப்பிச்சுட்டாங்களா?"

"அவங்க அதுல இல்லைங்க்கா. அவங்க போன் வெள்ளத்துல நடக்கல, லாக்கர்ல இருந்துச்சு. அந்தக் குடோன் அதுல காலி."

மயிலாத்தாளின் கை நின்றது.

"அப்பறம் நான் எதுக்குங் அம்மிணி போனேன்?"

திரும்பி வரும் பஸ்ஸில் நிறைமதியின் காதில் அந்தக் கேள்விதான் இருந்தது. திங்கட்கிழமையே தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதினாள், தன் பெயரைப் போட்டே. முறையாகச் செய்ய வேண்டியதை முறையாகச் செய்துவிட்ட நிம்மதியில் இருந்தாள்.

அதிகாரிகள் ஆய்வுக்கு வருவது ஆலைக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்று அந்தப் பெண்களை வேனில் ஏற்றி ஏதோ மலைக்கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் பார்த்தது பஞ்சு மூட்டைகளைத்தான். குடோனில் எவரும் தங்கவில்லை என்று ஆலை எழுத்துமூலம் கொடுத்தது, அது பதிவானது. வெளியே பேசியது யாராக இருக்கும் என்று கண்டுபிடிக்க ஆலைக்கு அதிக நேரம் ஆகவில்லை. மயிலாத்தாளை நிறுத்திவிட்டார்கள். சாவி சூப்பர்வைசரிடம் போனது. அவர் வீடு அக்கரையில்.

இதை மயிலாத்தாளே, நிறைமதி கொடுத்துவிட்டு வந்திருந்த நம்பரில் கூப்பிட்டுச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. "சோலி போனாப் போகுதுங். நானு வேற பக்கம் பாத்துக்கறேன். சாவிதான் அம்மிணி அந்தாளுகிட்ட இருக்குது," என்றாள்.

வெள்ளம் வந்தால் திரும்பிப் போவதற்கென்று அந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். அவளையும் தான் இல்லாமல் ஆக்கிவிட்டதாக நிறைமதிக்குத் தோன்றியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலையில் கொட்டித் தீர்த்து, அணை நிரம்பி, மதகுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மையத்தில் மணல்தொட்டியை நிஜ நிலவரத்தோடு இணைத்துவிட்டிருந்தார்கள். அணையின் அளவும் மழையின் அளவும் நொடிக்கு நொடி உள்ளே வந்தன. திட்டம் தானாகத் திருத்தப்பட்டுப் படகுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது கீழ்க்கரைப்பாளையத்தின் முதல் தெருவில் தண்ணீர் ஏறியது. குடோனில் அந்தப் பெண்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம்.

நிறைமதி சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், போன் எடுக்கவில்லை. ஆட்சியர் அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள்.

"ஆலைக்குப் பின்னால ஆள் யாரும் இல்லைன்னு காட்டுது மேடம்," என்றது எதிர்முனை. குரலில் அலுப்பு இருந்தது, அலட்சியம் இல்லை. "ஆலையும் எழுதிக் கொடுத்திருக்கு. படகு நாலுதான் இருக்கு. திட்டத்துல இருக்கிற இடத்துக்கே பத்தலை. நீங்க போட்டுக் கொடுத்த திட்டம்தானே மேடம்."

அவள் போனை வைத்தாள். நோட்புக்கின் கடைசிப் பகுதியில் ஒரு வசதி உண்டு. ஒத்திகைக்காக, திருவிழாக் கூட்டம் போல, தரவில் இல்லாத ஆட்களைக் கையால் சேர்ப்பதற்கு. நிஜ வெள்ளத்தின்போது அதைத் தொடவே கூடாது. தரவில் பொய் சேர்ப்பது என்றுதான் அதற்குப் பெயர்.

அவள் அதைத் திறந்தாள். குடோன் இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். வயது கேட்டது, கொடுத்தாள். நடக்கும் வேகம் கேட்டது, கொடுத்தாள். போன் இல்லாத ஆள் என்பதால் பெயரும் கேட்டது. வெற்றாக விட்டாள், ஏற்கவில்லை.

முப்பத்தாறு பேரில் ஒருவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அவ்வளவு நாளில் மயிலாத்தாளிடம் கேட்கவே தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் தன்னோடு பள்ளியில் படித்தவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். அங்கயற்கண்ணி. பரக்கத் நிஷா. உமையாள். ரெஜினா. தாமரைச்செல்வி. தன் வகுப்பு தீர்ந்ததும் பக்கத்து வகுப்புக்குப் போனாள். வருகைப் பதிவு எடுப்பது போல வரிசையாக வந்தன.

திட்டம் தன்னைத் திருத்திக்கொண்டது. பாலத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த படகு ஒன்று ஆலைப்பக்கம் திரும்பியது. பாலத் தெருவில், ஒரு மொட்டை மாடியில், ஏழெட்டுப் புள்ளிகள் நெருக்கியடித்து நின்றன. அவர்களிடமிருந்துதான் படகை எடுத்திருக்கிறோம் என்று நிறைமதிக்குத் தெரியும். அந்த மாடியைத் தண்ணீர் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேரம் இருந்தது. ஆனாலும் அங்கிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

எபனேசர் அவள் பின்னால் வந்து நின்றார். "குடோன்ல எப்படிம்மா ஆள் வந்தது?"

"இருக்காங்க சார்."

அவர் திரையில் இருந்த பெயர்களைப் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நிறுத்து என்று அவர் சொல்லவில்லை.

படகுக்காரர்களின் குரல் வயர்லெஸ்ஸில் வந்தது. குடோனுக்குப் பெரிய பூட்டு போட்டிருக்கிறது என்றார்கள். அடுத்து, வாசலில் யாரோ ஒரு அம்மா கழுத்தளவுத் தண்ணீரில் கடப்பாரையோடு நிற்கிறார் என்றார்கள். பூட்டை அடித்து அடித்து அவர் கையெல்லாம் ரத்தம் என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கதவு திறந்தது என்றார்கள்.

நிறைமதி வரைபடத்தில் தேடினாள். மயிலாத்தாளின் புள்ளி அதில் இல்லை. முதல் கட்டத்திலேயே நீக்கப்பட்டிருந்தது.

பாலத் தெருவுக்குப் படகு பொழுது சாயும்போதுதான் போனது. எல்லோரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் மழையில் நனைந்தபடியே உட்கார்ந்திருந்ததில் காய்ச்சல் கண்டு, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மறுநாள் அவள் முகாமுக்குப் போனாள். அரசுப் பள்ளியின் நீளமான அறை. மீட்புத் திட்டத்தில் இருந்த பெயர்களை அச்சடித்த காகிதப் பட்டைகளை மணிக்கட்டில் கட்டி, அதைப் பார்த்துத்தான் சாப்பாடும் போர்வையும் கொடுத்தார்கள். தன்னார்வலர் ஒருவர், "அங்கயற்கண்ணி" என்று கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் மூலையில் இருந்து ஒல்லியான ஒரு பெண் எழுந்து வந்து போர்வையை வாங்கிக்கொண்டாள். "பரக்கத் நிஷா" என்றதும் நெற்றியில் பெரிய பொட்டு வைத்த இன்னொருத்தி எழுந்தாள். கூப்பிட்டால் எழ வேண்டும், எழுந்தால் போர்வை கிடைக்கும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

கை இரண்டிலும் கட்டுப் போட்ட மயிலாத்தாள் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். நிறைமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாவிதான் உங்ககிட்ட இல்லையே, அப்புறம் ஏங்க்கா போனீங்க?"

"சாவி இல்லீன்னா? புள்ளைங்க உள்ளதானுங் இருந்தாங்க."

மணிக்கட்டில் தாமரைச்செல்வி என்ற பட்டையோடு ஒரு பெண் அருகில் வந்தாள். இருபது வயதிருக்கும். பட்டையைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"தாமரை ஒரு பூ," என்றாள் நிறைமதி. "உன் பேர் என்ன?"

"பூல்மனி. பூல்மனி முர்மு." கொஞ்சம் யோசித்து, "இதுவும் பூ," என்றாள்.

அன்று பொழுதுக்கும் நிறைமதி அங்கேயே இருந்தாள். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டாள். தப்பாகச் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள், திருத்தினார்கள். பூல்மனி பக்கத்தில் உட்கார்ந்து, வாய் நன்றாகத் திறந்து சொல்ல வேண்டிய இடங்களைக் காட்டிக்கொடுத்தாள்.

படகு ஏன் தாமதமானது என்று பாலத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். நியாயமான கேள்விதான். விசாரிக்கத் தலைநகரிலிருந்து சுலோசனா என்ற செயலாளர் வந்தார். நிறைமதியை உள்ளே அழைப்பதற்கு முன்னால் எபனேசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் எல்லாத்தையும் பாத்துட்டேம்மா. நீ சேர்த்த முப்பத்தாறு பேரும் முகாம் பதிவுல அதே பேர்ல இருக்காங்க. ஆலைக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. மழைக்கு ஒதுங்கின உள்ளூர்ப் பெண்கள்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. கணக்கும் நடந்ததும் அப்படியே பொருந்துது. இதுவரைக்கும் எந்த மையத்துக்கும் இப்படிப் பொருந்தினதில்லை." குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

"பேர் அப்படியே நின்னா குடோன்ல யாரையும் பூட்டி வைக்கலைன்னு ஆயிருமே சார்."

"அவங்க உயிரோட இருக்காங்கம்மா. அது போதாதா?"

அவர் உண்மையாகவே அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அது அவளுக்குப் புரிந்தது. அதனால் அவரோடு வாதாடாமல் உள்ளே போனாள்.

சுலோசனா கண்டிப்பானவர் என்று சொல்லியிருந்தார்கள். பார்வைக்கு அப்படி இல்லை. முகாம் பதிவையும் மீட்புத் திட்டத்தையும் அருகருகே வைத்திருந்தார். ஓரத்தில் ஒருவர் நடப்பதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"இரண்டும் ஒத்துப்போகிறது," என்றார் சுலோசனா. "படகு அந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் இருக்கிறது. பாலத் தெருக்காரர்களுக்கு அப்படியே பதில் எழுதிவிடலாம். நீங்கள் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அடுத்த ஆண்டு மணல்தொட்டி புதிதாகத் தயாராகும்போது, அங்கயற்கண்ணியும் தாமரைச்செல்வியும் அதில் தானாகச் சேர்ந்துவிடுவார்கள். பூல்மனி சேரமாட்டாள். வேறொரு குடோனில், வேறொரு பூட்டுக்குப் பின்னால், மறுபடியும் காலி இடமாக இருப்பாள்.

"அந்தப் பெயர்கள் பொய்," என்றாள் நிறைமதி. "என்னோடு படித்தவர்களுடைய பெயர்கள். நான்தான் கையால் சேர்த்தேன். விதியை மீறி, தெரிந்தே சேர்த்தேன்."

தட்டச்சு நின்றது. சுலோசனா கண்ணாடியைக் கழற்றினார். "இதன் விளைவு உங்களுக்குத் தெரியும் அல்லவா?"

தெரியும். அன்று மாலையே அவள் கடவுச்சொல் செல்லாமல் போகும். அதன்பின் எந்த மையமும் அவளை எடுக்காது. ஆலை மீதான வழக்கு மாதக்கணக்கில் இழுத்து, பிறகு ஒருவழியாக நிரூபணமாகும். அந்தப் பெண்களில் பாதிப்பேர் ஊருக்குப் போவார்கள், பாதிப்பேர் பூட்டில்லாத வேறு ஆலை தேடிக்கொள்வார்கள். விலகல் நீக்கம் என்ற அந்த வரியை எபனேசரே, ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், யாரும் கேட்காமல் எடுத்துவிடுவார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்தது தன் வேலை போகிறது என்பது மட்டும்தான்.

"தெரியும்," என்றாள். "அங்கே இருந்தவர்களின் உண்மைப் பெயர்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்கிறேன். பூல்மனி முர்மு. மினாதி நாயக். சல்கே ஹேம்ப்ரம். சுனாமணி மாஜி..."

தட்டச்சு செய்கிறவர் தலையைத் தூக்கினார். "மேடம், கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. இந்தப் பேரெல்லாம் எனக்குப் பழக்கமில்லை."

நிறைமதி முதலிலிருந்து, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொல்ல ஆரம்பித்தாள்.